ஞாயிறு மட்டும் ஓடினால் குடல் கேட்குமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கணினி முன் உட்கார்ந்தே செய்யும் வேலை. பல ஆண்டுகளாக மலச்சிக்கல். உடற்பயிற்சி செய்தால் சரியாகும் என்றார்கள். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறேன். ஓடும்போது வயிற்றைக் கலக்குகிறது. மற்ற நாட்களில் பழைய கதைதான். உடற்பயிற்சிக்கும் குடலுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் ஒரு வாரத்துப் பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடுகிறீர்கள். குடலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

முதலில் அந்த வயிற்றுக் கலக்கம். கடுமையாக ஓடும்போது ரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். போதாததற்கு ஒவ்வோர் அடிக்கும் வயிறு குலுங்குகிறது. நீண்டதூர ஓட்டக்காரர்கள் நன்கறிந்த தொல்லை இது. வேகத்தைக் குறைத்து, ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்தால் பெரும்பாலும் அடங்கும். மலச்சிக்கல் இளகுவதன் அறிகுறி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். உணவின் மிச்சம் அதைக் கடக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தங்கும் நேரம் கூடக் கூட, நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். குடல் நாள் முழுவதும் லேசாகப் பிசைந்துகொண்டே இருந்தாலும், மலத்தை முன்னே தள்ளும் பெரிய அலைகள் தினமும் ஒரு சில முறைதான் எழுகின்றன. அதுவும் பெரும்பாலும் விழித்தெழுந்த பிறகும், சாப்பிட்ட பிறகும். அந்த வேளைகளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சாப்பிட்ட கையோடு நாற்காலியில் அமர்கிறீர்கள். உந்துதல் வந்தால், 'இந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போகலாம்' என்று அடக்குகிறீர்கள். சற்று நேரத்தில் உந்துதல் ஓய்ந்துவிடும். மலம் அங்கேயே கிடந்து இன்னும் காயும்.

ஆகவே எழுந்ததும் பத்து நிமிடம், சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்துபாருங்கள். வியர்க்க வேண்டிய அவசியமில்லை. உந்துதல் வந்தால் உடனே போங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி காலடியில் ஒரு சிறு பலகை வைத்துக்கொள்ளுங்கள். நீரும் நார்ச்சத்தும் போதாமல் நடை மட்டும் பெரிதாக உதவாது. எடை தூக்கும் பழக்கம் இருந்தால் மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். மூலநோய் உள்ளவர்களுக்கு அது மலம் கழிக்க முக்குவதைப் போன்ற இன்னொரு முக்கல்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைத்தது. நான் சொன்ன நடையே வாரத்தில் அந்த அளவைத் தொட்டுவிடும். ஞாயிறு ஓட்டத்தையும் விட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள்.

மலச்சிக்கலைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஆதாயம் வேறு. தொடர்ந்து உடலை இயக்குபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைவு என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மலக்குடல் புற்றுநோய்க்கு அந்த அளவு தெளிவில்லை. இன்சுலின் அளவும் அழற்சியும் குறைவது காரணங்களாக இருக்கலாம். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்தவர்களில் ஒரு பிரிவினர் மூன்றாண்டு மேற்பார்வையில் பயிற்சி செய்தார்கள். எட்டாம் ஆண்டில் அவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைக் கையேடுகள் மட்டும் பெற்றவர்களில் 83 சதவீதம்.

எல்லா மலச்சிக்கலும் நடையில் தீராது. சிலருக்கு மலம் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்ளும். அதற்குத் தனிப் பயிற்சி தேவை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நடையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும், உங்கள் வயதில் பெருங்குடல் பரிசோதனை தேவையா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். மற்றபடி நான்கு வாரம் நடந்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.