கிளையன்ட் வெப்சைட் ஸ்கிரிப்ட்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

கேள்வி: வேலூரில் லாட்ஜ்களுக்கும் ஆம்பூர் பக்கம் சின்ன ஷூ கம்பெனிகளுக்கும் பிஎச்பியில் வெப்சைட் செய்து தருகிறேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. பேஸ்64 போட்டு மறைத்தால் போதுமா?

பதில்: போதாது. பேஸ்64 எழுத்துகளை வேறு வடிவில் எழுதும் முறைதான், பூட்டே இல்லை. ஒரு வரி கமாண்டில் பழையபடி படித்துவிடலாம். முறையாக என்க்ரிப்ட் செய்தாலும், திறக்கும் சாவி அதே ஃபோல்டரில்தானே கிடக்கும்? ஸ்கிரிப்ட் படிக்கிற எதையும் அந்தத் தளத்துக்குள் புகுந்தவனும் படிப்பான். (லாட்ஜில் ரூம் போடுகிறவர்களின் லாகின் பாஸ்வேர்டு வேறு கதை. அதை ஹாஷ் செய்துதான், அதாவது அசலைத் திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றித்தான், சேமிக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு அது ஆகாது. ஸ்கிரிப்ட்டுக்கு அசல் தேவை.) பிரவுசருக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், கசிந்தாலும் சேதத்தைக் குறைப்பதும்தான் உங்கள் வேலை.

பிரவுசருக்கு எட்டும் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள், பாஸ்வேர்டோடு இருக்கும் கான்ஃபிக் டாட் பிஎச்பியை பிரவுசரில் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வரும். ஆனால் யாராவது திருத்துவதற்கு முன் ‘டாட் பேக்’, ‘டாட் ஓல்டு’ என்று ஒரு காப்பி எடுத்து வைப்பார்கள். சர்வருக்கு அது பிஎச்பி இல்லை, வெறும் டெக்ஸ்ட். பாஸ்வேர்டோடு அப்படியே அனுப்பிவிடும். இந்தப் பெயர்களையும், பாஸ்வேர்டுகளை எழுதிவைக்கும் ‘டாட் இஎன்வி’ ஃபைலையும் கேட்டுக்கொண்டே பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) நாள் முழுக்கச் சுற்றுகின்றன.

ஆகவே பப்ளிக்-ஹெச்டிஎம்எல்லுக்கு உள்ளே அல்ல, அதற்குப் பக்கத்தில் தனி ஃபோல்டர். பெர்மிஷன் ஃபோல்டருக்கு 700, ஃபைலுக்கு 600; அதாவது சொந்தக்கார யூசர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். ஃபைலில் ஒரு அரே மட்டும் ரிட்டர்ன் ஆகட்டும். ஸ்கிரிப்ட் அதை ரிக்வயர் செய்துகொள்ளும். விபிஎஸ்ஸில் (தனியாக வாங்கும் விர்ச்சுவல் சர்வர்) பிஎச்பி வேறு யூசராக ஓடினால் 600 போட்டதும் ‘பெர்மிஷன் டினைடு’ வரும். அப்போது ஃபைல், ஃபோல்டர் இரண்டின் குரூப்பையும் அந்த யூசரின் குரூப்பாக மாற்றி ஃபைலுக்கு 640, ஃபோல்டருக்கு 750 கொடுங்கள். கோபத்தில், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடாதீர்கள்.

இங்கேதான் ஆட்ஆன் டொமைன், அதாவது அதே ஹோஸ்டிங் அக்கவுன்ட்டில் கூடுதலாகச் சேர்க்கும் டொமைன், காலை வாரும். காந்தி ரோட்டு லாட்ஜின் தளம் பப்ளிக்-ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே ‘லாட்ஜ்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது என்று வையுங்கள். ‘ஒரு படி மேலே’ போனால் நீங்கள் நிற்பது முதல் டொமைனின் பொதுவாசலில். வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் ஃபைலை ஒரு படி மேலே ஏற்றும் பழக்கமும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், ஒரே சிபேனல் (ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனல்) அக்கவுன்ட்டில் பத்து கிளையன்ட்டுகளை அடுக்குவது. பத்துத் தளமும் ஒரே யூசராக ஓடும். ஷூ கம்பெனித் தளத்தில் அப்டேட் செய்யாத ஒரு ப்ளகின் வழியாகப் புகுந்தவனுக்கு லாட்ஜின் 600 ஃபைலும் திறந்த புத்தகம். ஹோஸ்டிங் காசு மிச்சமாகும் என்பது உண்மைதான்; இருந்தாலும் கிளையன்ட்டுக்கு ஒரு அக்கவுன்ட், அதுவும் அவர் பெயரிலேயே பில். ரீசெல்லர் பிளானிலும் அக்கவுன்ட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம்.

டேட்டாபேஸ் யூசருக்கு ‘ஆல் பிரிவிலேஜஸ்’ டிக் போடுவது கைப்பழக்கம். நீங்களே எழுதிய புக்கிங் ஸ்கிரிப்ட்டுக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலிட் போதும். வேர்ட்பிரஸ்ஸுக்கு இது சரிப்படாது. அதன் அப்டேட்டும் ப்ளகின்களும் டேபிளை உருவாக்கும், மாற்றும்.

ஆன்லைனில் பணம் வாங்கும் ரேசர்பேயில் கீ ஐடி வெப்பக்கத்தில் தெரியலாம். கீ சீக்ரெட் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் தலைகாட்டவே கூடாது. ஆர்டரை சர்வரில் உருவாக்குங்கள். மெயில் அனுப்ப கிளையன்ட்டின் ஜிமெயில் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்தும் மெயில்பெட்டியைப் படிக்க முடியும் என்பதால், புக்கிங்குக்கென்று தனி மெயில் இருப்பது நல்லது.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் பேக்அப் கிரானில், டேட்டாபேஸைக் காப்பி எடுக்கும் மைசீக்வல்டம்ப் கமாண்டோடு பாஸ்வேர்டை எழுதினால், அது ஓடும் நேரத்தில் பிராசஸ் பட்டியலில் தெரிய வாய்ப்புண்டு. ஹோம் ஃபோல்டரில் ‘டாட் மை டாட் சிஎன்எஃப்’ ஃபைலில் ‘கிளையன்ட்’ பகுதியின் கீழ் யூசரும் பாஸ்வேர்டும் எழுதி 600 போட்டுவிட்டால், கிரான் வரியில் அவை வேண்டாம்.

தளத்தில் எரரைக் காட்டும் பிஎச்பி செட்டிங்கான டிஸ்ப்ளே எரர்ஸ் ஆஃபில் இருக்கட்டும். பிஎச்பி 8.2க்கு முந்தைய பதிப்புகளில், மைசீக்வல் ஒரு நிமிடம் படுத்தால் டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓவின் ஸ்டாக் ட்ரேஸில் (எரர் விவரப் பட்டியல்) பாஸ்வேர்டின் முதல் 15 எழுத்துகள் பக்கத்தில் வந்து நிற்கலாம். உங்கள் பாஸ்வேர்டு அதைவிட நீளமா?

பாஸ்வேர்டை ஏற்கெனவே கிட்டில் (கோடின் பழைய பதிப்புகளையும் சேமிக்கும் கருவி) ஏற்றியிருந்தால், அடுத்த கமிட்டில் அழிப்பது கண்துடைப்பு. ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் ஹிஸ்டரியைத் துடைக்கலாம். உங்களிடம் வேலை பார்த்த பையன் போனாலும் இதே மாற்றம்தான்.

எல்லாம் முடிந்ததும் பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பின்னால் பழைய ‘டாட் பேக்’ பெயர்களையும் ‘டாட் இஎன்வி’யையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை) வர வேண்டும்.