கூலர் பொருந்துமா? கணினி கேள்வி – பதில்

வீட்டில் விளையாட்டுக்கென்று கணினி சேர்ப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டுக்காக மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரையோ கடைசி நாளில், கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் அதன் விளைவு தெரிகிறது. முதல் கேள்வி பலருடைய சிக்கலையும் தொடுவதால் அதற்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். என் கணினியில் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸரும் பி450 மதர்போர்டும் உள்ளன. ப்ராசஸர் பெட்டிக்குள் வந்த சிறிய கூலரையே பயன்படுத்துகிறேன். விளையாடும்போது வெப்பம் 85 டிகிரியைத் தொடுகிறது. ஃபேன் இரைச்சல் அடுத்த அறைவரை கேட்கிறது. என் சித்தப்பா தமது பழைய நான்காம் தலைமுறை ஐ5 கணினியில் இருந்த உயரமான கூலரைத் தருவதாகச் சொல்கிறார். அது பொருந்துமா? செகண்ட் ஹேண்டில் 5800எக்ஸ்3டி கிடைத்தால் அதற்கு மாறவும் எண்ணம் உண்டு.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். 5600எக்ஸ் ப்ராசஸருக்கு ஏ.எம்.டி. நிறுவனம் வகுத்துள்ள உச்ச வெப்பம் 95 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கும்போது ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமே தவிர, எரிந்துபோகாது. ஆகவே 85 டிகிரி என்பது ஆபத்தான அளவு அன்று. இரைச்சல்தான் உங்கள் உண்மையான குறை, அது நியாயமான குறையும்கூட.

எந்தக் கூலராக இருந்தாலும் அறையிலுள்ள காற்றைக் கொண்டுதான் ப்ராசஸரைக் குளிர்விக்க வேண்டும் என்பதால், அறை வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அவ்வளவும் ப்ராசஸரின் கணக்கில் வந்து சேரும். ஏ.சி. போட்ட 26 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் அதே கணினி, சித்திரை மாதத்து 38 டிகிரி அறையில் 82 காட்டினால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. காணொளிகளில் காட்டப்படும் அளவுகளை உங்கள் அளவுகளோடு ஒப்பிடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

செலவு செய்வதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று செய்து பாருங்கள். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்துவிட்டு, அதே விளையாட்டை அரை மணி நேரம் ஆடுங்கள். வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றம் கூலருடையது அன்று. கேபினெட்டுக்குள் காற்று வரவில்லை என்று பொருள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டு விற்கப்படும் அலங்காரப் பெட்டிகளில் இது சாதாரணம். அங்கே எவ்வளவு பெரிய கூலரைப் பொருத்தினாலும் அது கிராபிக்ஸ் கார்டு கக்கிய சூட்டையேதான் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

இனி சித்தப்பாவின் கூலருக்கு வருவோம். நான்காம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்கள் எல்ஜிஏ1150 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் இருக்கை) அமர்பவை. அந்த மதர்போர்டுகளில் கூலருக்கான நான்கு துளைகளும் 75 மி.மீ. பக்கமுள்ள சதுரமாக அமைந்திருக்கும். உங்கள் பி450 போர்டிலுள்ள ஏஎம்4 சாக்கெட்டைச் சுற்றியுள்ள துளைகளோ 54 மி.மீ.க்கு 90 மி.மீ. என்ற நீள்சதுரம். கூலரின் உலோக உடல் எந்தப் ப்ராசஸர்மேலும் உட்காரும் என்றாலும், அதைப் பிடித்து அழுத்தும் சட்டம் ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியதாக இருந்தாக வேண்டும். ஏஎம்4 சந்தைக்கு வந்ததே 2016ஆம் ஆண்டில்தான் என்பதால், அதற்கு முன் வாங்கிய கூலரின் பெட்டியில் அந்தச் சட்டம் இருக்க வாய்ப்பில்லை. நாக்டுவா போன்ற சில நிறுவனங்கள் வாங்கிய ரசீதைக் காட்டினால் புதிய சட்டத்தை இலவசமாக அனுப்புகின்றன. வேறு சில தனியாக விற்கின்றன. சித்தப்பாவிடம் கூலரின் மாடல் பெயரைக் கேட்டு, அதற்கு ஏஎம்4 சட்டம் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் கம்பி கட்டியோ வேறு திருகாணியைப் போட்டோ சமாளிக்க முயல வேண்டாம்; அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தால் கூலர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏஎம்4 போர்டை வாங்கும்போது சாக்கெட்டின் இருபுறமும் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைகள் திருகப்பட்டிருக்கும். உங்களிடமுள்ள ரெய்த் ஸ்டெல்த் கூலர் நான்கு திருகாணிகளால் நேரே போர்டின் பின்புறமுள்ள பின்தகட்டில் இறுகுவது என்பதால், கணினியைச் சேர்த்தவர் அந்தக் கட்டைகளைக் கழற்றியிருப்பார். கொக்கி மாட்டும் வகைக் கூலர்களுக்கு அவை கட்டாயம் தேவை. மதர்போர்டு பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதற்குள் தேடுங்கள்.

சட்டம் கிடைத்தாலும் அடுத்த தடை உயரம். கேபினெட்டின் விவரக் குறிப்பில் ப்ராசஸர் கூலருக்கான உச்ச உயரம் மி.மீ. கணக்கில் தரப்பட்டிருக்கும். இன்று அதிகம் விற்பவற்றில் டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ ஆகிய இரண்டும் 155 மி.மீ.; கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வரிசையில் பல மாடல்கள் 159 மி.மீ.யை ஒட்டி நிற்பவை; நாக்டுவா என்எச்-டி15 மாடலோ 165 மி.மீ. குறிப்பு கிடைக்காத உள்ளூர் கேபினெட் என்றால், ப்ராசஸரின் மேற்பரப்பிலிருந்து பக்கக் கதவின் உட்புறம் வரை அளவுகோலால் அளந்து, அதில் மூன்று மி.மீ.யைக் கழித்துக்கொள்ளுங்கள். தகரக் கதவு சற்று வளைந்து கொடுக்கும். கண்ணாடிக் கதவு கொடுக்காது. இதை எழுதுகிறவரும் பட்டுத் தெரிந்துகொண்டவர்தான்: 160 மி.மீ. இடமுள்ள பெட்டிக்கு 165 மி.மீ. கூலரை வாங்கிவிட்டு, ஒரு கோடைக்காலம் முழுவதும் கதவில்லாமலே கணினியை ஓட்டி, கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) மேல் குடியேறிய பல்லியைத் துரத்த வேண்டியதாயிற்று.

உயரத்தோடு ரேமையும் பாருங்கள். வெப்பத்தகடு இல்லாத சாதாரண ரேம் ஏறக்குறைய 31 மி.மீ. உயரம், வண்ண விளக்குகள் பதித்தவை 44 மி.மீ. வரை நிமிர்ந்து நிற்கும். தகடுகள் இரண்டு அடுக்குகளாக எழும் இரட்டைக் கோபுரக் கூலர்களில் முன் ஃபேன் ரேமுக்கு மேலேதான் வந்து அமரும். ரேம் இடித்தால் ஃபேனைச் சற்றுத் தூக்கி மாட்டலாம். ஆனால் எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவு கூலரின் மொத்த உயரமும் கூடி, மீண்டும் கதவுப் பிரச்சினையில் வந்து நிற்கும். 120 மி.மீ. ஃபேன் ஒன்று மட்டும் கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கடைசியாக, 5800எக்ஸ்3டி பற்றி. உங்கள் 5600எக்ஸ் 65 வாட் வகை. உண்மையில் சாக்கெட் வழியே 76 வாட் வரை எடுக்கும். 5800எக்ஸ்3டி 105 வாட் வகை. அதன் பெட்டியில் கூலரே வராது, உச்ச வெப்பமும் 90 டிகிரிதான். விளையாட்டில் அது வாட் கணக்கில் பெரிதாக இழுப்பதில்லை என்றபோதிலும் சூடு காட்டும். அதில் கூடுதல் கேஷ் என்ற அதிவேக நினைவகம் கணக்கிடும் சில்லின் முதுகின்மேல் ஒட்டப்பட்டிருப்பதால், கீழேயுள்ள கோர்களின் (கணக்கிடும் பகுதிகளின்) சூடு அந்த அடுக்கைக் கடந்தே கூலரை அடைய வேண்டியிருக்கிறது. (2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கைச் சில்லுக்குக் கீழே மாற்றிவிட்டார்கள்.) கோர்கள் இருக்கும் சில்லும் ஏறக்குறைய 80 சதுர மி.மீ. மட்டுமே, சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்திலிருந்து சூட்டை எடுக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே இத்தகைய ப்ராசஸர்களில் சிறிய கூலரிலிருந்து நல்ல ஒற்றைக் கோபுரத்துக்கு மாறும்போது கிடைக்கும் பலன், அங்கிருந்து மிக விலையுயர்ந்த ஒன்றுக்குத் தாவும்போது கிடைப்பதில்லை.

சுருங்கச் சொன்னால், சித்தப்பாவின் கூலருக்கு ஏஎம்4 சட்டம் கிடைத்து, உயரமும் இடித்துக்கொள்ளாவிட்டால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் முனகினால் அதை மட்டும் மாற்றலாம். சட்டம் கிடைக்காவிட்டால், நான்கு வெப்பக் குழாய்களும் 120 மி.மீ. ஃபேனும் கொண்ட புதிய ஒற்றைக் கோபுரம் ஒன்று உங்கள் இரண்டு ப்ராசஸர்களுக்கும் போதும். புதிய ப்ராசஸரை மாட்டும் முன் பி450 போர்டின் பயாஸை (தொடக்க மென்பொருள்) புதுப்பிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் எல்ஜிஏ1200 போர்டில் பயன்படுத்திய கூலர் உள்ளது. இப்போது ஐ5-12400எஃப் வாங்கியிருக்கிறேன். "எல்லாம் இன்டெல்தான், ஒன்றுக்கொன்று பொருந்தும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நம்ப வேண்டாம். எல்ஜிஏ1200 வரை பல தலைமுறைகளாக மாறாமல் இருந்த 75 மி.மீ. துளை இடைவெளி, 2021 இறுதியில் வந்த, உங்கள் 12400எஃப் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 78 மி.மீ. ஆகிவிட்டது. போர்டிலிருந்து ப்ராசஸரின் மேற்பரப்பு நிற்கும் உயரமும் சற்றுக் குறைந்துள்ளது. சில மதர்போர்டுகளில் இரண்டு அளவுக்கும் துளைகள் இட்டிருக்கிறார்கள். அங்கே பழைய சட்டம் திருகாணியில் ஏறிவிடும் என்றாலும், உயரம் குறைந்ததால் அழுத்தம் போதாமல் போகலாம். எல்ஜிஏ1700க்கான சட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் எல்ஜிஏ1851க்குப் போனாலும் அதே சட்டம் உதவும்.

மேலும், 12400எஃப் அடிப்படையில் 65 வாட், உச்சத்தில் 117 வாட் வகை. பெட்டியில் வரும் கூலரே விளையாட்டுக்குப் போதுமானது. அதை மாட்டிப் பார்த்து, இரைச்சல் உங்களைத் தொந்தரவு செய்தால் மட்டும் மேற்கொண்டு செலவழியுங்கள். அதன் நான்கு பிளாஸ்டிக் முளைகளையும் மூலைவிட்டமாக மாற்றி மாற்றி அழுத்தி, போர்டின் பின்புறம் நான்கும் வெளியே தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மூன்று முளைகளில் தொங்கும் கூலர்களைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

கேள்வி: ஏஎம்4க்கு வாங்கிய கூலர் ஏஎம்5க்கு ஆகுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் ஆகும். துளைகளின் இடைவெளி மாறவில்லை. ஆனால் ஏஎம்5 சாக்கெட்டின் பின்தகடு சாக்கெட்டோடு இணைந்தது. அதைக் கழற்ற முடியாது. ஆகவே போர்டில் வந்த பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர்கள் பொருந்தும். தமக்கென்று தனிப் பின்தகடு கொண்டுவந்த கூலர்கள் புதிய சட்டம் இல்லாமல் பொருந்தா.

கேள்வி: தண்ணீர்க் கூலர் வாங்கினால் வெப்பப் பிரச்சினை அடியோடு தீருமா? என்னுடையது 7800எக்ஸ்3டி.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தண்ணீர் சூட்டை ப்ராசஸரிலிருந்து ரேடியேட்டருக்குத் தூக்கிச் செல்லும் கூலியாள் மட்டுமே, அங்கிருந்து அதைக் கழிப்பது அதே ஃபேன், அதே அறைக் காற்று. உச்சத்தில் 253 வாட் இழுக்கும் ஐ9-14900கே போன்ற ப்ராசஸரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காணொளித் தொகுப்பு செய்பவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் பொருளுள்ள செலவு. விளையாட்டில் அதில் ஒரு பங்கையே இழுக்கும் உங்கள் 7800எக்ஸ்3டிக்கு, எமது கருத்தில், அது அழகுச் செலவு. பம்ப் என்ற பழுதாகும் உறுப்பு ஒன்றும் கூடவே வந்து சேரும்.

அழகுக்காகவே வாங்குவதானால் அதிலும் தவறில்லை. ஆனால் அளந்து வாங்குங்கள். ரேடியேட்டர் பொதுவாக 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25 மி.மீ. இரண்டும் சேர்ந்து 52 மி.மீ. கேபினெட்டின் மேற்கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையில் அந்த இடம் இல்லையென்றால் ரேமிலோ, மின்சுற்றின் வெப்பத்தகட்டிலோ இடிக்கும். முன்பக்கம் மாட்டினால் கிராபிக்ஸ் கார்டுக்குக் கேபினெட் தரும் நீளத்தில் அதே 52 மி.மீ.யைக் கழித்துப் பாருங்கள். எங்கே மாட்டினாலும் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளேயுள்ள காற்றுக் குமிழ்கள் பம்புக்குள் சேராமல் அங்கே போய்த் தங்கும்.

கேள்வி: புதுக் கூலர் மாட்டிய பிறகு வெப்பம் முன்பைவிடக் கூடிவிட்டது. கணினியைத் தொடங்கும்போது சிபியு ஃபேன் பிழை என்ற செய்தியும் வருகிறது. கூலர் பழுதா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஃபேனின் கம்பியைக் கேபினெட் ஃபேனுக்கான இணைப்பில் செருகியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. போர்டில் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட நான்கு முள் இணைப்புக்கு மாற்றினால் செய்தி நின்றுவிடும். வெப்பம் கூடியதற்கு, கூலரின் அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியது காரணமாக இருக்கலாம். அனுபவசாலிகளுக்கும் நேரும் தவறு இது. கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுடையது ஏஎம்4 போர்டானால், கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது விளையாட்டை ஓட்டி, கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் பூசிய பேஸ்ட்டை இளக்கிக்கொள்ளுங்கள். பின் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திருகாணிகளை எடுத்த பிறகு கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். நேரே மேலே இழுத்தால், இறுகிய பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். அதன் அடியிலுள்ள 1,331 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் நிமிர்த்துவதற்குள் ஒரு நாள் போய்விடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை வைத்து, திருகாணிகளை மூலைவிட்டமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.