கரும்புச் சக்கையும் மீத்தேன் கணக்கும்

கேள்வி: ஒரே அளவு வெப்பத்துக்கு, ஜெர்மனியின் தொழிற்சாலைகளைவிடப் பிரேசிலின் தொழிற்சாலைகள் அதிக மீத்தேனை வெளியிடுவதாகக் கணக்கிடப்படுவது ஏன்?

பதில்: வேறுபாடு எரிபொருளில் இருக்கிறது. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அமைப்பான ஐ.பி.சி.சி.யின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, தொழிற்சாலையில் ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பம் தரும் இயற்கை எரிவாயுவை எரித்தால் 1 கிலோ மீத்தேனும், எண்ணெயை எரித்தால் 3 கிலோவும், நிலக்கரியை எரித்தால் 10 கிலோவும், விறகையோ கரும்புச் சக்கையையோ எரித்தால் 30 கிலோவும் வெளியாவதாகக் கொள்ளப்படுகிறது. ஜெர்மனியின் ஆலைகள் பெரிதும் எரிவாயுவை நம்பியிருக்க, பிரேசிலின் சர்க்கரை ஆலைகளோ பிழிந்த சக்கையையே கொதிகலனில் இடுகின்றன. அச்சக்கையின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அது ஆவியாகும்போது அடுப்பின் வெப்பம் தணிவதால், முழுமையாக எரியாத மீத்தேன் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது.

இவை பொது மதிப்புகளே. சொந்தக் கொதிகலன்களை அளந்து கணக்கிடும் நாட்டையும் பொது மதிப்பைப் பயன்படுத்தும் நாட்டையும் அப்படியே ஒப்பிடுவது, என் பார்வையில், முறையாகாது.

இதற்காகப் பிரேசிலைக் குறைகூறவும் வேண்டியதில்லை. சக்கை எரியும்போது வெளியாகும் கரியமில வாயு, கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே என்பதால் இங்கே சேர்க்கப்படுவதில்லை. புவியை வெப்பமாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வலியது எனக் கொண்டாலும் அந்த 30 கிலோ, 840 கிலோ கரியமில வாயுவுக்கே சமம். அதே வெப்பத்துக்கு நிலக்கரியை எரித்தால் 90 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும்.