மேடையில் ஒரு குடும்பத் தலைவர், வீட்டில் ஒரு தமையன்

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதுகிறேன். அதில் வரும் குடும்பத் தலைவர் எவரையும் நம்பமாட்டார். சின்ன விடயத்துக்கும் வெடிப்பார். மற்றவர்கள் அழுதாலும் பொருட்படுத்தமாட்டார். அவருக்கு ஆளுமைக் கோளாறு என்று வைத்துக்கொண்டு இணையத்தில் அறிகுறிகளைத் தேடினேன். வாசிக்க வாசிக்க அது என் சொந்தத் தமையனைச் சொல்வதுபோல் இருக்கிறது. முன்பு கலகலப்பானவர்; 2009க்குப் பிறகுதான் இப்படி ஆனார். அண்ணியும் பிள்ளைகளும் படும் பாடு சொல்லி முடியாது. அவருக்கு இருப்பது இதுதானா? நாடகத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லலாமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, ‘முன்பு கலகலப்பானவர்’ என்பதுதான். இணையத்தில் நீங்கள் வாசித்த அறிகுறிப் பட்டியல்கள் எதுவும், அவர் முன்பு எப்படி இருந்தார் என்ற கேள்வியைக் கேட்டிருக்காது.

ஆளுமைக் கோளாறு ஒரு மனிதரிடம் நடுவயதில் திடீரென்று வந்து சேர்வதில்லை. பதின்ம வயதிலோ இளமைத் தொடக்கத்திலோ அதன் சாயல் தெரியத் தொடங்கும். வீடு, வேலை, நட்பு என்று அவர் கால் வைக்கும் இடமெல்லாம் கூடவே வரும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பகுப்பு, இதில் இரண்டு விடயங்களைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது: ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார், மற்றவர்களோடு எப்படி உறவு கொள்கிறார். இவற்றில் உள்ள சிக்கல் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவு சொல்வார்கள். நீங்கள் வாசித்தது பெரும்பாலும் அமெரிக்கப் பகுப்பாக இருக்கும். அதில்தான் சந்தேக ஆளுமை, தற்காதல் ஆளுமை என்று பத்துப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பெயர் வைத்துப் பிரித்தால் எவருக்கும் தன் வீட்டில் ஒருவர் அகப்பட்டே தீருவார்.

வளர்ந்து, குடும்பம் நடத்தி, நாலு பேரோடு சிரித்துப் பழகிய ஒருவர் பேரழிவு ஒன்றுக்குப் பிறகு மாறினால், நாங்கள் முதலில் தேடுவது மனவடுவை. செல் வீச்சிலும் பதுங்கு குழியிலும் பிணங்களைக் கடந்தும் வந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டவர்களிடம், சிக்கலான மனவடுப் பின் நெருக்கீடு என்ற நிலையைக் காணலாம். நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, எப்போதும் உசாராக இருப்பது ஆகிய மூன்றோடு, கோபத்தை அடக்க முடியாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், உறவுகளில் ஒட்டமுடியாமை என்ற மூன்றும் சேரும். பின்னைய மூன்றுதான் வீட்டாரின் கண்ணில் படும். முன்னைய மூன்றை ஆண்கள் பலர் வாய்திறந்து சொல்வதே இல்லை. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அவருடைய குணமாகவே தெரியும். மனவடுவும் ஆளுமைக் கோளாறும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், நேரில் காணாமல் நான் எதையும் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன்.

வன்னியில் இன்னொரு கேள்வியையும் கேட்காமல் விடக்கூடாது. அவருடைய தலையில் காயம் பட்டதா? செல் துண்டு, குண்டு அதிர்ச்சி, விழுந்து நினைவு தப்பியது, எதுவானாலும் சரி. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் பொறுமை போகும்; வாய்க்கு வந்ததைப் பேசுவார்; மற்றவரின் வலி மனதில் தைக்காது. அது குணக்கேடும் அல்ல, ஆளுமைக் கோளாறும் அல்ல. உடலில் இன்னும் துண்டுகளைச் சுமந்தபடி வாழ்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அதேபோல் கசிப்பு. குடித்த இரவுகளில் மட்டும் வெடிக்கிறாரா, குடிக்காத பகலிலும் வெடிக்கிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள்.

நம்பிக்கையின்மைக்கு வருவோம். தெரியாத மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் உள்ளே போய்விடுவது, பெயர் விபரம் கேட்டால் வாயை மூடிக்கொள்வது, இவற்றை இங்கே நோய் என்று எழுதினால் பாதி ஊருக்கு மருந்து எழுத வேண்டும். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. சந்தேக ஆளுமை உள்ளவர், காரணமே இல்லாமல், தனக்கு நல்லதையே செய்த தாயையும் மனைவியையும் பள்ளித் தோழனையும் இளமையிலிருந்தே சந்தேகிப்பார். உங்கள் தமையன் வயலுக்குப் போகும்போது வீட்டுத் திறப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகிறாரா? கொடுத்தால் அவருக்கு இன்னும் நம்பிக்கையான ஓர் ஆள் இருக்கிறார். வைத்தியசாலைக்கு அவரை அழைத்துவரவும் அந்த ஆளே பொருத்தமானவர்.

‘உங்களுக்கு இன்ன நோய்’ என்று தமையனிடம் சொல்லாதீர்கள். நேரில் பரிசோதிக்காத பிரமுகர்களின் மனநிலை பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன் உறுப்பினர்களுக்கே விதி வைத்தது. அந்த விதி நம் வீடுகளுக்கும் பொருந்தும். நித்திரையைப் பற்றிக் கேளுங்கள். மனம் சரியில்லை என்று வரமறுக்கும் ஆண், நித்திரை இல்லை, தலையிடிக்கிறது என்று வருவார். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், பணம் கட்டவேண்டியதில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம். மனவடுவுக்குப் பேச்சுவழிச் சிகிச்சைகள் உண்டு. ஆளுமைக் கோளாறுகளிலும் சிகிச்சையால் தேறியவர்கள் ஏராளம். ‘அது பிறவிக் குணம், மாறாது’ என்பது வைத்தியம் தெரியாதவர்களின் பேச்சு.

அவர் அண்ணிமீதோ பிள்ளைகள்மீதோ கை வைக்கிறார் என்றால், காரணம் மனவடுவா கோளாறா என்று ஆராய்வது இரண்டாவது வேலை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி எண் 1938. கணவர் பாவம் என்று அண்ணி அடிவாங்கிக்கொண்டிருப்பதால் தமையனுக்குச் சுகம் வந்துவிடாது.

இனி நாடகம். சினிமாவில் இரட்டை ஆளுமை என்று காட்டுகிறார்களே, அது ஆளுமைக் கோளாறுகளின் வரிசையிலேயே சேராது, அதை மறந்துவிடுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஆடும் கோவலன் கூத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதவியின் பாட்டு ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்ட கோவலனுக்கு இன்றைய இணையம் உடனே ஒரு நோய்ப் பெயர் வைத்துவிடும். ஆனால் சிலப்பதிகாரத்தில் மாடலன் என்ற அந்தணன் வாயால் வேறொரு கோவலனைக் கேட்கிறோம்: மதயானையின் பிடியிலிருந்து முதியவர் ஒருவரைப் பாய்ந்து காப்பாற்றியவன். கண்ணகியிடம் தன் பிழையைச் சொல்லி வெட்கப்படவும் தெரிந்தவன். கண்ணகியையும் பாருங்கள். மதுரையை எரித்தவளுக்குத்தான் வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் பொங்குகிறோம். ஒரு நாளின் சினத்தை வைத்து அவளுடைய ஆளுமையைச் சொல்ல முடியுமா?

உங்கள் குடும்பத் தலைவருக்கு உண்மையிலேயே ஆளுமைக் கோளாறு என்று எழுத விரும்பினால், அவருடைய பதினெட்டு வயதை ஒரு காட்சியில் காட்டுங்கள். வேலையிடத்திலும் அவர் அப்படியே இருப்பதைக் காட்டுங்கள். அதனால் அவரே தனித்துப்போய் வருந்துவதையும் காட்டுங்கள். வருத்தமே இல்லாத கொடியவனைத்தான் எழுதுகிறீர்கள் என்றால், அவன் கொடியவனாகவே இருக்கட்டும். நோயைத் துணைக்கு இழுக்கவேண்டாம். போரால் மாறியவர் என்றால் முதல் காட்சியில் அவர் சிரிக்கட்டும். எப்படியானாலும் நோயின் பெயரை எந்தப் பாத்திரமும் உச்சரிக்கத் தேவையில்லை. மறுநாள் அது ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயராகிவிடும்.

ஒத்திகைக்கு முன் பிரதியை அண்ணியிடம் வாசிக்கக் கொடுங்கள். தமையனை அடையாளம் காட்டிக்கொடுக்கும் காட்சி என்று அவர் எதையாவது சொன்னால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் எடுத்துவிடுங்கள்.