செயலிகளில் ‘13 வயது’ என்ற வரம்பு எதற்கு? அது பாதுகாப்பான வயதா?

இல்லை. குழந்தை மனவளர்ச்சியை அளந்து வைத்த எண் அல்ல அது. 1998இல் அமெரிக்கா இயற்றிய காப்பா (COPPA) என்ற குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம், 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றது. ஒப்புதல் வாங்குவது செலவு. ‘13க்குக் கீழ் அனுமதி இல்லை’ என்று எழுதிவிடுவது சுலபம். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவதைத்தான் செய்தன.

சிக்கல் பிறந்த தேதியில் தொடங்குகிறது. 10 வயதுச் சிறுவன் 13 என்று போட்டால், அவனுக்கு 15 ஆகும்போது கணக்குக்கு 18 ஆகிவிடும். பதின்வயதினருக்கான தடைகள் அன்றோடு விலகும். அந்நியர் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரமும் வரலாம். ஆகவே பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாட்டை யோசிக்கும் முன் அவர்கள் கணக்கில் எந்தத் தேதி பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

தேதியை நம்பாமல் வயதைச் சரிபார்க்கும் வழிகளிலும் குறை உண்டு. முகத்தை வைத்து வயதைக் கணிப்பது சில ஆண்டுகள் பிசகும். வரம்பை ஒட்டிய வயதில்தான் அது அதிகம் தவறும். அடையாள அட்டை கேட்டாலோ, எல்லோருடைய ஆவணமும் நிறுவனத்தின் கைக்குப் போகும்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் சமூக ஊடகக் கணக்குக்கு 16 வயது என்று வைத்தது. அபராதம் தளத்துக்கு மட்டுமே, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கிடையாது. பிள்ளைகள் பயன்படுத்தும் செயலிகளுக்கான பிரிட்டனின் 15 வடிவமைப்பு நெறிகள் காட்டுவது வேறு வழி: இருப்பிடப் பகிர்வு இயல்பாகவே அணைந்திருக்க வேண்டும், தனியுரிமை உச்சத்தில் இருக்க வேண்டும். என் கணிப்பில் இதுவே உருப்படியானது. 18 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதே.