உறை போட்ட கருவி – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மக்கள் வரிப்பணத்தில் படித்த மருத்துவர்களும் பொறியாளர்களும் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். இது துரோகம் இல்லையா? படிப்புச் செலவை வட்டியோடு வசூலித்தால் என்ன? அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமே நாட்டுக்கு லாபம்தான் என்கிறார் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (என் மகளும் விண்ணப்பித்திருக்கிறாள்.)

க.

அன்புள்ள க.,

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் கடிதம். மகள் பிரியப்போகிற வருத்தத்துக்குப் பொருளாதாரத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள். துரோகம் என்ற சொல்லை அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள்.

வசூல் யோசனை பழையது. வெளியேறியவர்களின் வருமானத்தில் வரி பிடித்துத் தாய்நாட்டுக்குத் தரலாம் என்று 1970களிலேயே பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி சொன்னார். பேச்சோடு நின்றது. நண்பர் சொல்லும் பணமும் உண்மைதான், பெரிய தொகைதான். ஆனால் அதை அனுப்புகிறவர்களில் கட்டடத் தொழிலாளியும் உண்டு, வீட்டுவேலை செய்பவரும் உண்டு. அத்தனையையும் டாக்டர் கணக்கில் எழுதக் கூடாது.

நீங்கள் இருவருமே கணக்கில் விட்ட ஒன்று எனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது, ஒளியைப் பிரித்து அளக்கும் கருவி. அதை இயக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வெளிநாட்டு வேலைக்குப் போன வாரமே யாரோ அதற்குத் துணி உறை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் கையேடு, அதன் ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து: 'விளக்கு 20 நிமிடம் சூடாகட்டும். அவசரப்படாதே.' எனக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தக் கருவியை உறையோடுதான் பார்த்தார்கள்.

அவர் தன் படிப்புச் செலவை வட்டியோடு கட்டியிருந்தால் உறை கழன்றிருக்குமா? அவரிடம் கற்றிருக்க வேண்டிய ஐந்து பேர், அந்த ஐந்து பேரிடம் கற்றிருக்க வேண்டிய இருபத்தைந்து பேர், இவர்களுக்கு என்ன விலை போடுவீர்கள்? அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் வார்டை விட்டுப் போகும்போதும் இதே கதைதான். அவர் பக்கத்தில் நின்று ஊசி போடக் கற்க வேண்டியவள் தனியாகத் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றத்தை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

சரி, அப்படியானால் பிடித்துக் கட்டிப்போடலாமா என்பீர்கள். தைவானைப் பாருங்கள். அங்கிருந்தும் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போனார்கள். 1980இல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்று சின்சு அறிவியல் பூங்காவைத் தொடங்கினார்கள். 1985இல் மோரிஸ் சாங்கைக் கூப்பிட்டு ஓர் ஆய்வு நிறுவனத்தையே கையில் கொடுத்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தில் கால் நூற்றாண்டு இருந்தவர். 1987இல் அவர் ஆரம்பித்ததுதான் டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்பு நிறுவனம். இத்தனைக்கும் அவர் தைவானில் பிறந்தவர்கூட இல்லை, சீனாவில் பிறந்தவர்! தேசபக்தி என்று சொல்லிவிடாதீர்கள். செய்வதற்கு வேலை இருந்தது, வந்தார்.

எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர்காரர் அப்படியொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. விளக்கு எரிந்துபோய், மாற்று விளக்குக்கு எழுதிப் போட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்தார். அப்புறம்தான் போனார். அவர் போன இரண்டாவது மாதம் விளக்கு வந்து சேர்ந்தது. நான் படித்து முடிக்கும்வரை யாரும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஆமாம், மகள் எந்தத் துறை என்று எழுதவே இல்லையே?