‘யூஸ்ட் டு’ என்றால் முடிந்துபோன கதை

நேர்முகத் தேர்வில் ‘ஐ யூஸ்ட் டு வேர்க் இன் அ பாமசி’ என்றேன். உடனே ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். எங்கே பிழை?
– இளைஞர், கிளிநொச்சி

தம்பி, ‘யூஸ்ட் டு’ என்று வாய் திறந்ததுமே அந்த வேலை போய்விட்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இந்தப் பிழையை வன்னியில் நான் கேட்காத வாரம் இல்லை. காரணம் நம்முடைய தமிழ்தான். ‘தினமும் ஐந்து மணிக்கு எழும்புவேன்’, ‘சின்ன வயசில் இரணைமடுவில் நீந்துவேன்’, ‘நாளைக்கு வருவேன்’. வேறு வேறு காலம், ஆனால் வினை ஒரே உருவம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. இன்றும் தொடரும் வழக்கம் என்றால் ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’. வேண்டுமானால் ‘யூஷுவலி’ சேருங்கள். விட்டுப்போன வழக்கம் என்றால் மட்டும் ‘ஐ யூஸ்ட் டு ஸ்விம் இன் த டாங்க்’. நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது ‘ஐ வேர்க் இன் அ பாமசி’. இவ்வளவுதான். அடுத்த நேர்முகத்துக்கு முன் பத்துத் தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

‘வி யூஸ்ட் டு லிவ் இன் அ காம்ப் ஃபோர் டூ இயர்ஸ்’ என்று மகள் கட்டுரையில் எழுதினாள். பிழை என்று வெட்டியிருக்கிறார்கள்.
– ஒரு தாய், முல்லைத்தீவு

வெட்டியது சரி. எத்தனை வருஷம் என்று கணக்குச் சொன்னால் ‘யூஸ்ட் டு’ வராது: ‘வி லிவ்ட் இன் அ காம்ப் ஃபோர் டூ இயர்ஸ்’. கணக்கை எடுத்துவிட்டால் மகள் எழுதியதே சரிதான். ஒரே ஒரு தரம் நடந்ததற்கும் இது பொருந்தாது. ‘2009இல் இடம்பெயர்ந்தோம்’ என்பதற்குச் சாதாரண இறந்தகாலமே போதும்.

இன்னொன்றும் மகளுக்குச் சொல்லுங்கள். தினமும் திரும்பத் திரும்பச் செய்ததை ‘வுட்’ போட்டும் எழுதலாம்: ‘எவ்ரி மோர்னிங் வி வுட் க்யூ ஃபோர் வோட்டர்’. ஆனால் ‘வி வுட் லிவ் இன் அ காம்ப்’ என்றால் அந்தப் பொருள் வராது. வரிசையில் நிற்பது ஒரு செயல். அங்கே வாழ்ந்தது ஒரு நிலை. நிலைக்கு ‘யூஸ்ட் டு’தான். பிள்ளை இதை எழுதத் துணிந்தது எனக்கு மிகுந்த சந்தோஷம். தொடர்ந்து எழுதட்டும்.

‘ஐ ஆம் யூஸ்ட் டு ட்ரைவ் ட்ராக்டர்ஸ்’ சரியா?
– விவசாயி, நெடுங்கேணி

இல்லை, ‘ட்ரைவிங்’ வேண்டும். முன்னால் ‘ஆம்’ வந்துவிட்டால் பொருள் ‘பழகிப்போச்சு’ என்று மாறிவிடும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த ஹீட்’ என்று ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள், பொருந்தும். பெயர்ச்சொல் நிற்கிற அந்த இடத்தில் வினை வந்தால் ‘இங்’ ஒட்ட வேண்டும். இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’.

‘டிட்ன்ட்’ வந்தால் ‘யூஸ்ட்’டில் கடைசி ‘டி’ எழுத்து வேண்டுமா?
– சாதாரண தர மாணவி, மல்லாவி

வேண்டாம். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது. 1990 முதல் 2013 வரை கிளிநொச்சிக்கு ரயில் இல்லை அல்லவா? ‘ட்ரெயின்ஸ் டிட்ன்ட் யூஸ் டு கம் ஹியர்’ என்று எழுதுங்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும், அதனால்தான் எழுதும்போது தவறுகிறது.

அப்புறம், உச்சரிப்பு. ‘கத்தியைப் பயன்படுத்தினேன்’ என்கிற ‘யூஸ்ட்’டில் நடு எழுத்து தேனீபோல இரையும். வழக்கத்தைச் சொல்கிற ‘யூஸ்ட் டு’வில் அது ‘பஸ்’ஸில் வரும் ‘ஸ்’தான். தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள்; முதலாவதில் அந்த எழுத்து அதிரும், இரண்டாவதில் அதிராது.